நான் கையெழுத்துப் போட்ட எரிமலை

மே 12, வெள்ளி

வெயில். கத்திரி ஆரம்பித்து ஒன்பதாம் நாள். நேற்று வோட்டு எண்ணிய பட்டாசுக் குப்பை ஸ்டேஷன் ரோடு முழுக்கச் சிவப்பாகக் கிடக்கிறது. ஜெயித்தவனுக்கு வெடி, தோற்றவனுக்கு இடி. எனக்கு லிஸ்ட்.

ஆட்குறைப்பு லிஸ்ட். பதினான்கு பேரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். புதன்கிழமை நோட்டீஸ் போர்டில் வரும். டைப்பிஸ்ட் கோமதி, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணே" என்று இதுவரை பதினொரு பேரிடம் சொல்லியிருக்கிறாள். நான் பன்னிரண்டாவது ஆள். லிஸ்டில் ஒன்பதாவது ஆள்.

வயது 48. சர்வீஸ் பத்தொன்பது வருடம். வேலை, ஸ்லாக் யார்டு சூப்பர்வைசர். இரும்பு உருக்கும்போது உலையில் மேலே மிதக்கும் அழுக்கை, அதுதான் ஸ்லாக், டிப்பர் லாரியில் ஏற்றி வெளியே அனுப்புவது, லோடு போகும் இடம் எழுதி டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போடுவது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இந்த ஒரு வேலையை விட்டால் இந்த வயதில் என்னை எடுக்க சர்க்கஸ்தான் உண்டு. அங்கேயும் கோமாளிக்கு ஆள் இருக்கும்.

மற்ற தகுதிகள்: கேன்டீன் கரும்பலகையில் தினம் ஒரு கடி ஜோக். ஆன்யுவல் டேயில் மேனேஜர் மாதிரி பேசிக் காட்டுவது. எவனுக்கு இங்கிலீஷில் காகிதம் வந்தாலும் படித்துச் சொல்வது. போன வருடம் ஒருவனுடைய வார்னிங் லெட்டரை, "உன்ன ரொம்ப மெச்சிக்கிறாங்கடா" என்று படித்துவிட்டேன். அவன் நேரே மேனேஜர் ரூமுக்குப் போய் நன்றி சொன்னான்.

இப்போது இன்று நடந்த கூத்து. உலையைப் பார்க்க வந்திருக்கும் இத்தாலிக்காரர், பெயர் புரூனோ, மத்தியானம் சாப்பாட்டில் தன் ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வீட்டு ஜன்னலைத் திறந்தால் எரிமலையாம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கைடு ஒருவரோடு எரிமலை, அருவி என்று ஒரு நாள் சுற்றுவாராம். இங்கே ஞாயிற்றுக்கிழமை கெஸ்ட் ஹவுஸில் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாராம்.

மேனேஜர் மூர்த்தி சார், அவர் மனம் குளிர வேண்டுமே என்று, "ஹியர் ஆல்சோ வீ ஹேவ்" என்றார். சொல்லிவிட்டு, தண்ணீர் ஜக்கோடு அந்தப் பக்கம் போன என்னைப் பார்த்தார். "சகாயம், நீ இந்த ஊர்க்காரன்தானே, எரிமலை, அருவி எல்லாம் இருக்கில்ல?"

இல்லை சார் என்று சொல்ல ஒரு வினாடி போதும். வாய் கேட்கவில்லை. "இருக்கு சார். ஒரே நாள்ல ரெண்டையும் காட்டிடலாம்."

அப்புறம் தனியாகக் கூப்பிட்டு மூ.சார் சொன்னது: "ஞாயித்துக்கிழமை அவர் சந்தோஷமா திரும்பி வரட்டும். அப்புறம் உன் விஷயத்தைப் பாக்கலாம்."

என் விஷயம் என்றால் லிஸ்ட். ஆக எனக்கு வேலை வேண்டுமென்றால் கும்மிடிப்பூண்டியில் ஒரு எரிமலை வேண்டும். நாளை மறுநாளுக்குள்.

மே 13, சனி

வெயில் + புழுக்கம். மூன்று மணிக்கே விழிப்பு.

வீட்டுக்காரி லில்லியிடம் சொன்னேன். லிஸ்ட் விஷயம் நேற்றே தெரியுமாம், கோமதியின் அம்மா சர்ச்சில் சொன்னாளாம். எரிமலை விஷயம் புதிது.

"இன்னாய்யா, மன்ஷன் பேசற பேச்சா இது? எரிமலைக்கு எங்க போவ?"

"யோசிச்சிக்கினு கீறேன்."

"யோசிக்கிறதுன்னா வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி யோசிக்கணும்."

சொல்லிவிட்டு குளிக்கப் போய்விட்டாள். உள்ளேயிருந்து கரகரவென்று சத்தம். குதிகால் தேய்க்கிறாள். தேய்க்கிற கல், நான் யார்டிலிருந்து கொண்டுவந்த ஸ்லாக் கல். கறுப்பு, உடம்பெல்லாம் ஓட்டை, எடை இல்லாதது. ஆரம்பாக்கம் வரைக்கும் எந்த வீட்டு பாத்ரூமில் பார்த்தாலும் இந்தக் கல்தான்.

நின்றுகொண்டே யோசித்தேன். எரிமலைக் கல்லும் இப்படித்தானே இருக்கும், காலண்டரில் பார்த்திருக்கிறேன்.

கல் இருந்தால் மலையும் இருக்கிறது. எங்கள் ஊர் ஏரிக்கரையில். பன்னிரண்டு வருடமாக எங்கள் கம்பெனி டிப்பர்கள் கொட்டிய ஸ்லாக். பேப்பர்படி அது போக வேண்டிய இடம் வேறு. டிரிப் ஷீட்டில் நான் எழுதுவதும் அந்த வேறு இடத்தைத்தான். லாரி போவது ஏரிக்கு, கிட்ட இருக்கிறதே. ஏரியில் பாதி இப்போது கறுப்பு மேடு. ஆடு மேய்க்கிறவர்கள் கருப்புமலை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஊரில் வீட்டுக்கு ஒருவர் கம்பெனியில் வேலை என்பதால் யாரும் பேசுவதில்லை. நானும்தான்.

கம்பெனி டிரைவர் காதர் பாயைப் பார்க்கப் போனேன். பழவேற்காட்டுக்காரர். இருபத்திரண்டு வருடமாக இதே கம்பெனி வண்டி. பெரியபாளையத்திலிருந்து தடா வரைக்கும் எந்த ரோட்டில் எந்தப் பள்ளம் எப்போது விழுந்தது என்று தேதி சொல்வார். நான் சொல்லும் எல்லா ஜோக்குக்கும் சிரிக்கிற ஒரே ஆள். சில சமயம் முடிவதற்கு முன்னாலேயே சிரித்துவிட்டு, "இப்ப சொல்லுப்பா" என்பார்.

திட்டத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை.

"அது நம்ம கம்பெனி குப்பையாச்சேப்பா."

"அவருக்குத் தெரியாது பாய்."

"எரிமலைக்குப் பக்கத்துல பொறந்த ஆளுன்ற. அவருக்கா தெரியாது?"

"அவரு ஊரு எரிமலை வேற, நம்ம ஊரு எரிமலை வேற."

"பேஜாரு புடிச்ச வேலப்பா இது. வேற எங்கனா இட்டுக்கினு போலாம். எங்க ஊரு டச்சுக்காரன் கல்லறை கீது, ஏரியில படகு கீது."

"அவரு கேட்டது எரிமலை. மேனேஜர் கிட்ட ஆமான்னுட்டேன். லிஸ்ட்ல ஒம்பதாவது நான் பாய்."

பாய் துணியை எடுத்தார். வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "காலைல அஞ்சரைக்கு ரெடியா இரு."

அருவி இன்னொரு தலைவலி. ஆந்திரா எல்லையில் இருக்கும் தடா அருவிக்குப் போகலாம் என்று நினைத்துச் சொல்லிவிட்டேன். மே மாதத்தில் அங்கே தண்ணீர் ஏது? ஆக நான் கைடு. காட்டப் போவது நெருப்பில்லாத எரிமலை, தண்ணீரில்லாத அருவி.

சாயங்காலம் ஒரு யோசனை. மூளைக்கு இதெல்லாம் நன்றாக வரும். டிப்பர் ஓட்டும் முனுசாமியிடம் ஒரு சூடான லோடு கேட்டேன். நாளைக்கு மூன்றரை மணிக்குக் கருப்புமலையில் கொட்டிவிட்டுப் போய்விட வேண்டும். உள்ளே சிவப்பு ஆறாமல் இருந்தால் மணிக்கணக்காகப் புகையும். நாங்கள் நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தால், புகையும் எரிமலை.

எடுத்துப் போக வேண்டியவை: தண்ணீர் நாலு பாட்டில். குடை. குளுக்கோஸ். லில்லியின் ஜெபமாலை (அவளுக்குத் தெரியாமல்).

மே 14, ஞாயிறு

வெயில், ஐந்தரைக்கே. பூசைக்குப் போகவில்லை.

இத்தாலி இறங்கி வந்தார். அரை டிராயர், பெரிய பூட்ஸ், வைக்கோல் தொப்பி. பையில் ஒரு சுத்தியல். சாவிக்கொத்தில் பட்டன் மாதிரி ஒரு காந்தம். இரண்டையும் பார்த்ததும் பையிலிருந்த ஜெபமாலையைத் தொட்டுக்கொண்டேன். கல்லை விசாரிக்க வந்திருக்கிற ஆள்.

அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஒரே தரம். அதனால் நன்றாகப் புரிந்தது. இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்த மூ.சார் பேசும்போதுதான் நாங்கள் இருவரும் முழிப்போம்.

ஆரம்பாக்கத்தில் நாஷ்டா. ஏழு இட்லி சாப்பிட்டார். வடகறியைக் காட்டி என்ன என்று கேட்டார். நேற்றைய வடை என்று எப்படிச் சொல்வது? "ஓல்டு வடா, நியூ லைஃப்" என்றேன். பாய் டீயோடு சிரித்துப் புரையேறி, கடைக்காரர் முதுகைத் தட்டிவிட்டார்.

தடா தாண்டி மேற்கே. காட்டு வாசலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "நீள்ளு லேது நைனா. வானலு வச்சினாக்க ரா." தண்ணீர் இல்லை, மழை வந்தபின் வா என்கிறார். இத்தாலி என்னைப் பார்த்தார். தண்ணீர் ஓய்வில் இருக்கிறதாம் என்று மொழிபெயர்த்தேன்.

இரண்டு மணி நேரம் பாறை மேல் நடை. எனக்கு மூச்சு வாங்கியது. பாய் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆடு மாதிரி போகிறார். அருவி வந்தது. அதாவது அருவி இருக்க வேண்டிய இடம். பாறையில் மேலிருந்து கீழே ஒரு கறுப்புக் கறை. அதன் நடுவில் பால்காரர் கொசுறு ஊற்றுகிற அளவு ஒரு கோடு. கீழே இடுப்பளவுக் குட்டை.

"வாட்டர்ஃபால் வேர்?" என்றார்.

கறையைக் காட்டினேன். "திஸ் ரோடு ஆஃப் வாட்டர்ஃபால். வாட்டர்ஃபால் அவுட் ஆஃப் ஸ்டேஷன்."

என் வேலை இங்கேயே போய்விட்டது என்று நினைத்தேன். அவர் அரை நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு அந்தப் பள்ளத்தாக்கு எதிரொலிக்கச் சிரித்தார். பூட்ஸைக் கழற்றிவிட்டுக் குட்டையில் இறங்கி எருமை மாதிரி ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். தலையில் தொப்பி. மீன்கள் காலைக் கடிக்கக் கடிக்க அவருக்கு ஆனந்தம்.

கரையில் பாய் என்னிடம், "நல்ல மன்ஷன்பா. இத்தோட ஊட்டுக்கு இட்டுக்கினு போயிடலாம். எரிமலையில தண்ணி ரொம்பிடிச்சி, ரோடு மூடிட்டாங்கோன்னு நான் சொல்றேன்."

கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அருவி பாதி பொய்யாகப் போனது, எரிமலையாவது முழுதாக இருக்கட்டும் என்று ஒரு வெறி.

நாலு மணி. எங்கள் ஊர் ஏரிக்கரை. கருப்புமலை தெரிந்தது. புகை இல்லை. முனுசாமி வரவே இல்லை போல. சரி, அணைந்த எரிமலை என்று மாற்றிக்கொண்டேன். வண்டியை விட்டு இறங்கினோம். கையை நீட்டி ஆரம்பித்தேன். மெனி தௌசண்ட் இயர், பிக் சவுண்டு, ஃபயர் கம்மிங், பீப்பிள் ரன்னிங். பாய் இருமினார்.

மேட்டு மேல் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த பவுனம்மா அக்கா என்னைப் பார்த்துவிட்டாள். ஏரிக்கே கேட்கும் குரல்.

"இன்னா சகாயம், உன் கம்பெனி குப்பையப் பாக்க வெள்ளக்காரன இட்டாந்துகீறியா? அப்பிடியே அந்தாண்ட காட்டு, என் ஆட்டுக்குக் குளம்பெல்லாம் வெந்து கெடக்குது."

என்ன சொல்கிறாள் என்று கேட்டார் இத்தாலி.

"ஷி வெல்கம் யூ டு வால்கனோ."

அந்த நேரத்தில்தான் பின்னால் ஹார்ன். முனுசாமி. லேட்டாக வந்ததோடு இல்லாமல், எங்களைப் பார்த்ததும் கையை வேறு ஆட்டினான். எட்டாம் நம்பர் டிப்பர். கதவில் கம்பெனி பெயர், ஆளுயர எழுத்து. பின்பக்கமாக வந்து நின்று, தொட்டியைத் தூக்கி, இருபதடி தூரத்தில் எரிமலையைக் கொட்டினான். மேலே உறைந்திருந்த ஓடு உடைந்து உள்ளேயிருந்து சிவப்பாக வழிந்தது. ஏரித் தண்ணீர் விளிம்பில் பட்டதும் புஸ்ஸென்று ஆவி. ஆடுகள் சிதறி ஓடின. பன்னிரண்டு வருடத்தில் இவ்வளவு அழகாக எந்த லோடும் கொட்டியதில்லை.

முனுசாமி ஜன்னலில் தலை நீட்டி, "அண்ணே, போதுமா, இன்னொண்ணு வேணுமா?"

இத்தாலி கதவில் எழுதியிருந்ததைப் படித்தார். குனிந்து பழைய கல் ஒன்றை எடுத்தார். சாவிக்கொத்திலிருந்த காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனார். டக். ஒட்டிக்கொண்டது. இன்னொரு கல். டக். பத்துப் பதினைந்து கல் பார்த்தார், ஒவ்வொரு டக்குக்கும் என் வேலை ஒரு அடி தள்ளிப் போனது.

பிறகு மேட்டில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்தார். ஓரத்தில் துருப்பிடித்த நிறத்தில் தண்ணீர்.

"ஹவ் மெனி இயர்?"

"ட்வெல்வ்."

"ஹூ?"

டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போடுவது போல் காற்றில் எழுதிக் காட்டி, விரலை என் நெஞ்சில் வைத்தேன்.

"ஃபிஷ்?"

"பிஃபோர், எஸ்."

கிளம்பும்போது சொன்னது இது, என் தமிழில்: எங்கள் ஊரில் எரிமலைக்குக் கையெழுத்துப் போட ஆள் கிடையாது.

என்னை வாசலில் இறக்கிவிடும்போது பாய், "தூங்குப்பா. நாளைய கத நாளைக்குப் பாத்துக்கலாம்."

லில்லி கேட்டாள், இன்னா ஆச்சு என்று. எரிமலை வெடித்தது என்றேன்.

மே 15, திங்கள்

வெயில். உடம்பெல்லாம் வலி, குறிப்பாகக் கெண்டைக்கால்.

ஒன்பது மணிக்கே மூ.சார் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். கதவைச் சாத்தச் சொன்னால் நல்ல செய்தி இருக்காது.

"அந்த ஏரிப் பக்கம் வண்டி எப்படிய்யா போச்சு? அவரு ஒரு பை நிறைய ஸ்லாக்கைப் பொறுக்கிட்டு வந்திருக்காரு. ஹெட் ஆபீஸுக்குத் தெரிஞ்சா என் தலை போகும். யாரு அங்க கூட்டிட்டுப் போனது?"

நான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன்.

வெளியே வந்தது வேறு. "அருவியிலயே நேரமாயிடுச்சுன்னு நான் தடாவிலருந்து நேரா கெஸ்ட் ஹவுஸுக்குத்தான் சார் போகச் சொன்னேன். காதர் பாய் வழி தவறிட்டாரு."

அவ்வளவு வழவழவென்று வந்தது. நல்ல ஜோக் வருகிற மாதிரி, யோசிக்காமல். மூ.சார் லெட்டர் பேடை எடுத்து எழுதிக்கொண்டார். பேனா என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா, பன்னிரண்டு வருடம் பிடித்த ஆள். இருந்தும் பேசாமல் நின்றேன். பாய்க்கு என்ன, ஒரு வார்னிங் வரும். என்னிடம்தான் படிக்கக் கொண்டுவருவார். சிரிப்பாகப் படித்துவிடலாம். இப்படி எனக்கு நானே.

மத்தியானம் பாய் டப்பாவைத் திறந்து இறால் தொக்கில் பாதியை என் தட்டில் தள்ளினார்.

"இன்னா கேட்டாரு?"

"ஒண்ணுமில்ல பாய்."

"மூஞ்சி ஏன் அப்பிடி கீது?"

"கெண்டக்கால் வலி."

"நான் சொல்றேன்பா, இன்னா வந்தாலும் ரெண்டு பேருமா போய் நிப்போம். நான்தானே ஓட்டிக்கினு போனேன்."

இறால் நன்றாக இருந்தது. மிச்சம் வைக்காமல் தின்றேன்.

கேன்டீன் போர்டில் ஜோக் எழுதவில்லை. உடம்பு சரியில்லையா என்று ஏழு பேர் கேட்டார்கள்.

மே 16, செவ்வாய்

வெயில், மேகம் கொஞ்சம். தூறும் போல இருந்து ஏமாற்றியது.

தலைகீழ்.

பதினோரு மணிக்கு மீட்டிங். என்னையும் கூப்பிட்டார்கள், தண்ணீர் ஜக்குக்கு அல்ல, உட்கார. இத்தாலி மேஜை மேல் கல்லை வைத்தார். காந்தத்தை வைத்தார். டக். உங்கள் உலை அழுக்கோடு இரும்பையும் வெளியே தள்ளுகிறது, அதை ஏரியில் கொட்டுகிறீர்கள், பன்னிரண்டு வருடமாக, என்றார். அத்தனையையும் தோண்டியெடுங்கள், இரும்பைப் பிரித்து உலையில் போடுங்கள், மிச்சம் போக வேண்டிய இடத்துக்குப் போகட்டும். ஏரியைப் பற்றி அவர் நீளமாகச் சொன்னதை மூ.சார் குறித்துக்கொள்ளவில்லை. இரும்பைக் குறித்துக்கொண்டார். கருப்புமலை அவருக்கு இப்போது தங்கமலை.

எந்த வருடத்து ஸ்லாக் எந்தப் பக்கம் கிடக்கிறது, யாருக்குத் தெரியும்?

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வெளியே வந்து மூ.சார் முதுகில் தட்டினார். "உன் பேரை எடுத்தாச்சு. தோண்டற வேலைக்கு நீதான் இன்சார்ஜ்."

வீட்டுக்குச் சொல்ல எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். லில்லி அழுதாள், உடனே கோழி வாங்கி வரச் சொன்னாள். வாங்கினேன். தின்றேன். ஜெபமாலையை இடத்தில் திருப்பி வைத்தேன்.

பாயின் விஷயத்தைக் கேட்க நினைத்தேன். மூ.சார் நல்ல மூடில் இருந்தார். கெடுப்பானேன் என்று விட்டேன். நாளைக்குக் கேட்கலாம்.

மே 17, புதன்

வெயில்.

லிஸ்ட் போட்டார்கள். கூட்டத்தில் எட்டிப் பார்த்தேன், இல்லை என்று தெரிந்த பெயரைத் தேட. ஒன்பதாவது இடத்தில் என் பெயர் இல்லை. காதர் பாஷா, டிரைவர்.

நின்ற இடத்திலேயே நின்றேன். பின்னாலிருந்து தள்ளினார்கள்.

கோமதி சொன்னது: "பதினாலு பேருன்னு ஹெட் ஆபீஸ் சொல்லிட்டாங்கண்ணே. உங்கள எடுத்தா இன்னொண்ணு வெக்கணுமில்ல. திங்கக்கெழம சார் எழுதின காயிதம் ரெடியா இருந்துச்சி."

நேரே மூ.சார் ரூம். கதவை நானே சாத்தினேன்.

"சார், காதர் பாய் வழி தவறல. நான்தான் ஏரிக்குப் போகச் சொன்னேன். எட்டாம் நம்பர் டிப்பரைக் கூட நான்தான் வரச் சொன்னேன், எரிமலை மாதிரி தெரியறதுக்கு. அவரு வேணாம்னாரு. முழுக்க என் வேலை."

மூ.சார் என்னையே பார்த்தார். உதடு துடித்தது. பிறகு மேஜையைத் தட்டிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர. "எரிமலை மாதிரி தெரியறதுக்கு டிப்பரா? யோவ், ஆன்யுவல் டே நவம்பர்லய்யா. இதை அப்பச் சொல்லு."

"ஜோக் இல்ல சார்."

அதற்கு இன்னும் சிரித்தார். நான் நின்ற நிற்பும் என் மூஞ்சியும் அப்படி. பத்தொன்பது வருடமாக இந்த ஆபீஸில் நான் சீரியஸாக ஒன்றும் சொன்னதில்லை, இதை மட்டும் எப்படி நம்புவார்?

சாயங்காலம் ஐந்தரைக்குப் பாய் வந்தார். சைக்கிளில். அவரைப் பத்தொன்பது வருடத்தில் சைக்கிளில் பார்த்ததில்லை. சீட்டு உயரமாக இருந்தது, காலை ஊன்றி இறங்கத் தடுமாறினார்.

லில்லி டீ கொடுத்தாள். "உக்காருங்க பாய் அண்ணே" என்றாள். பாய் சட்டைப் பையிலிருந்து நீளக் கவரை எடுத்தார். பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் மடித்து வைத்திருக்கிறார்.

"இங்கிலீஷ்ல கீதுப்பா. இன்னா எழுதிக்கிறான் படி."

வாங்கினேன். எட்டு வரி. ஆட்குறைப்பு, வருத்தம், இத்தனை வருட சேவைக்கு நன்றி, வாழ்த்துகள் என்று எதை வேண்டுமானாலும் படித்திருக்கலாம். அவருக்குத் தெரியப் போவதில்லை. இதே வாயால்தானே ஒருவனுடைய வார்னிங்கைப் பாராட்டாக்கினேன். லில்லி கதவோரம் நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளதை உள்ளபடி படித்தேன். கடந்த ஞாயிற்றுக்கிழமை வழி தெரியாமல், விருந்தினரை அனுமதியில்லாத இடத்துக்கு வண்டியில் கொண்டுபோன காரணத்தால்.

"அந்த எடத்த இன்னொரு தபா படி."

படித்தேன்.

"வழி தெரியாமயா?" என்றார். "நானா?"

டீயைக் கீழே வைத்தார். "வேல போனா போவுதுப்பா. ஊர்ல படகு கீது, மச்சான் கீறான். வழி தெரியாதவன்னு எழுதிட்டானே. எவன்பா சொல்லியிருப்பான் இத?"

"நான்தான் பாய்."

என் மூஞ்சியைப் பார்த்தார். அவர் பழக்கப்படி, முடிவதற்கு முன்னாலேயே சிரிக்க உதடு லேசாகப் பிரிந்தது. காத்திருந்தார். நான் அடுத்த வரியைச் சொல்வேன் என்று.

அடுத்த வரி இல்லை.

"இதுல எந்த எடத்துலப்பா சிரிக்கணும்?" என்றார்.

உண்மையை இன்று இரண்டு பேரிடம் சொன்னேன். நம்பியது இவர் ஒருவர்தான்.

காகிதத்தை என் கையிலிருந்து எடுத்து, அதே மடிப்பில் மடித்து, பையில் வைத்துக்கொண்டார். லில்லியிடம் மட்டும், "வரேம்மா." சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை போனார். ஏறவில்லை.

லில்லி சோறு போட்டாள். தட்டை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

மே 18, வியாழன்

வெயில். ஆறு மணி. தூக்கம் இல்லை, அதைப் பற்றி எழுதவும் ஒன்றும் இல்லை.

இத்தாலி நாளைக்குக் கிளம்புகிறார். நேற்று கேன்டீனில் என்னைப் பார்த்து ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி கையைக் காட்டி, "டிரைவர்? குட் டிரைவர், வேர்?" என்றார். அவுட் ஆஃப் ஸ்டேஷன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த நோட்டின் நடுப் பக்கத்தில் இரண்டு தாள் கிழித்தேன். இங்கிலீஷில் எழுதியிருக்கிறேன். டிரைவர் வழி தவறவில்லை. ஏரிக்குப் போகச் சொன்னது நான். எட்டாம் நம்பர் டிப்பரை வரவழைத்தது நான். திங்கட்கிழமை மேனேஜரிடம் சொன்னது பொய். பன்னிரண்டு வருட டிரிப் ஷீட்டில் எழுதியதும் பொய், அதுவும் என் கையெழுத்து. ஒரு காப்பி மூ.சாருக்கு, ஒரு காப்பி இத்தாலிக்கு. வாயால் சொன்னால் சிரிக்கிறார்கள். காகிதத்தைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

இதைக் கொடுத்தால் ஒன்பதாம் இடம் எனக்கே திரும்பி வரும். வேறு என்னென்ன வருமோ.

லில்லியிடம் படித்துக் காட்டினேன், தமிழில், எதையும் மாற்றாமல். கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள். முடித்ததும் கையைப் புடவையில் துடைத்தாள்.

"மேனேஜரு எத்தினி மணிக்கு வருவாரு?"

"எட்டர."

"எட்டே காலுக்கெல்லாம் போய் நில்லு."